லாரியை எங்கே நிறுத்துவது? இழுத்துப் போனால் யார் பொறுப்பு?



சரக்கு வாங்கும்போது நாம் விலை பேசுகிறோம், தரம் பார்க்கிறோம், லாரி வாடகையைக் கறாராகப் பேசி முடிக்கிறோம். ஆனால் வருகிற லாரி எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் பேசுவதில்லை. "வந்ததும் போன் பண்ணச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். முன்பெல்லாம் இதனால் பெரிய கஷ்டம் இல்லை. தெருவும் இடம் கொடுத்தது. அதிகாரிகளும் கொஞ்சம் பார்த்துப் போனார்கள். இன்று அப்படி இல்லை. கிரேன் வந்து இழுத்துச் செல்கிறது. கேமரா பார்த்து அபராதம் செல்போனுக்கே வந்துவிடுகிறது. ஆகவே லாரி நிற்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, இழுத்துப் போனால் செலவு எப்படியெல்லாம் ஏறுகிறது, நாம் முன்கூட்டி என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் எழுதுகிறேன். எங்கள் மதுரையை வைத்துச் சொல்கிறேன். எல்லா ஊர்க் கடைத்தெருவுக்கும் இது பொருந்தும்.

கடைத்தெருவின் நிலை

மதுரையில் மளிகை மொத்த வியாபாரம் பெரும்பாலும் கீழமாசி வீதியையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் சார்ந்து இருக்கிறது. இவை மாட்டு வண்டிக் காலத்துத் தெருக்கள். மாட்டு வண்டி போய் லாரி வந்தது. பிறகு பத்துச் சக்கர டாரஸ் வந்தது. இப்போது அதைவிடப் பெரிய வண்டிகளும் வருகின்றன. தெரு மட்டும் அதே அகலம்தான். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளில்தான் வருகிறது. அந்த நாட்களில் லாரி உள்ளே வரவே முடியாது.

கோயம்புத்தூரில் ரங்கே கவுடர் வீதி, சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, திருச்சியில் காந்தி மார்க்கெட் என்று எங்கே போனாலும் இதே கதைதான். சென்னையில் கொத்தவால்சாவடியின் நெரிசல் தாங்க முடியாமல்தான் காய்கனி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. வண்டி நிற்க இடமில்லாவிட்டால் கடைசியில் கடையே இடம் மாற வேண்டி வரும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2019-ல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய பிரிவுகள் சிலவே. வக்கீல் மொழியை விட்டு நம் மொழியில் சொல்கிறேன்.

பிரிவு 115: ஒரு பகுதியிலோ தெருவிலோ வண்டிகள் வருவதைத் தடை செய்யவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் அளித்த அதிகாரிக்கும் உரிமை உண்டு. பகலில் கனரக வாகனங்களுக்கு நகருக்குள் தடை என்பதற்கு அடிப்படை இதுதான். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடையாக இருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை. உள்ளூரில் முடிந்த அளவு விளம்பரம் செய்தால் போதும். ஆகவே திருவிழா, ஊர்வலம், சாலை வேலை ஆகியவற்றுக்கான தடைகளைப் பத்திரிகையிலும் அறிவிப்புப் பலகையிலும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது.

பிரிவு 117: வண்டிகள் நிற்பதற்கான இடங்களை, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு அரசோ அதிகாரம் பெற்ற அலுவலரோ நிர்ணயிக்கலாம். இந்தப் பிரிவை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். கட்டுரையின் முடிவில் மீண்டும் இதைப் பற்றிப் பேசுகிறேன்.

பிரிவு 122: பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியைப் பொது இடத்தில் விட்டுச் செல்லக்கூடாது.

பிரிவு 126: ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக உருளாதபடி செய்திருக்க வேண்டும்.

பிரிவு 127: இதுதான் இழுத்துப் போகும் பிரிவு. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையும், நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ உத்தரவிடலாம். அந்த உத்தரவைக் கொடுக்க வேண்டியவர், அந்தப் பகுதி அதிகாரம் உள்ள, சீருடையில் இருக்கும் காவல்துறை அலுவலர். கிரேன்காரர் தானாக வந்து தூக்க முடியாது. இழுத்த செலவு முழுவதும் வண்டி உரிமையாளரைச் சேர்ந்தது. அபராதம் அதற்கு மேல் தனி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "10 மணி நேரம் வரை நிற்கலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது தடையில்லாத இடத்துக்கு மட்டுமே. தடைப் பலகை உள்ள இடத்தில் 10 நிமிடம் நின்றாலும் தூக்கலாம். டிரைவர் வண்டியில் இருந்தாலும் தடை தடைதான். ஆனால் டிரைவர் இருந்தால் "எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லி விடுவதற்கு வாய்ப்பு உண்டு. ஆளே இல்லாத வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பிரிவு 201: போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தினால் 500 ரூபாய் வரை அபராதம். எதிர்பாராமல் பழுதாகி நின்று, அகற்றும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தால் இந்த அபராதம் கிடையாது என்று 2019 திருத்தம் சலுகை தருகிறது. ஆகவே வண்டி பழுதானால் மெக்கானிக்குக்கோ கிரேனுக்கோ சொன்ன நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். செல்போனில் அழைத்த பதிவே சாட்சியாகும்.

இவை தவிர, தனித் தண்டனை சொல்லாத மீறல்களுக்குப் பொதுப் பிரிவு 177 இருக்கிறது. முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரை. காவலர் சட்டப்படி இடும் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் வாதாடினால் பிரிவு 179-ன் கீழ் 2,000 ரூபாய் வரை போகும். 500-ல் முடிய வேண்டியதை 2,000 ஆக்குவது பல நேரங்களில் நம் வாய்தான்.

பலகை இல்லாவிட்டாலும் நிறுத்தக்கூடாத இடங்கள் உண்டு. சாலைச் சந்திப்பின் அருகில், திருப்பத்தில், பாலத்தின் மேல், நடைபாதையில், பாதசாரி கடக்கும் இடத்தருகில், பேருந்து நிறுத்தத்தில், பள்ளி, மருத்துவமனை வாசலில், நின்றிருக்கும் இன்னொரு வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாம் வரிசையாக - இவையெல்லாம் தவறு. கடைசியாகச் சொன்ன இரண்டாம் வரிசைதான் கடைத்தெருவில் தினமும் நடக்கிறது.

500 ரூபாயோடு முடிவதில்லை

அபராதம் 500 ரூபாய்தானே என்று நினைப்பவர்களுக்காக, எங்கள் பகுதியில் ஒரு வியாபாரிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

வடக்கேயிருந்து துவரம் பருப்பு லோடு விடியற்காலம் வந்து சேர்ந்தது. கடை வாசலுக்கே வரச் சொல்லியிருந்தார்கள். சுமை தூக்கும் தொழிலாளர்கள் அன்று இன்னொரு கடையில் வேறு லோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே வர மணி எட்டாகிவிட்டது. பாதி இறக்குவதற்குள் தடை நேரம் தொடங்கிவிட்டது. இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவர் குளிக்கப் போயிருந்தார். வண்டியை எடுக்க ஆளில்லை. கிரேன் வந்தது. முன்பக்கத்தைத் தூக்கி, பாதிச் சரக்கோடு இழுத்துக்கொண்டு போனார்கள். வண்டியை மீட்க இரண்டு நாள் ஆனது. மீதி மூட்டைகளைச் சிறிய வண்டிகளில் மாற்றி ஏற்றி வந்தார்கள். இறக்குகூலி இரண்டு முறை. சின்ன வண்டி வாடகை தனி. லாரிக்காரர் ஹால்டிங் கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக கியர் பாக்ஸ் கெட்டுப்போனது என்று ஒரு பெரிய தகராறு. கடைசியில் அந்த டிரைவரின் பேட்டாவில் ஒரு பகுதியைப் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். வரச் சொன்ன இடத்துக்கு வந்து நின்றவர் அவர். அந்தப் பணம் அவருடைய வீட்டுச் சாப்பாட்டுப் பணம். அதன் பிறகு பல மாதம் அந்த லாரி ஆபீஸ் அந்தக் கடைக்கு லோடு ஏற்றவில்லை.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, 50 கிலோ மூட்டை 400 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 20 டன் சரக்கு. அபராதம், கிரேன் செலவு, ஹால்டிங், இரண்டாம் கூலி, சின்ன வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து 8,000 ரூபாய் ஆனால், மூட்டைக்கு 20 ரூபாய். மொத்த வியாபாரத்தில் மூட்டைக்கு 20 ரூபாய் என்பது சில நேரம் நம் முழு லாபம். அதை விலையில் ஏற்றினால் சில்லறைக் கடைக்காரர் அடுத்த கடைக்குப் போவார். ஏற்றாவிட்டால் நாம் சும்மா வியாபாரம் செய்தோம் என்று ஆகும்.

இழுக்கும்போது வண்டிக்கு என்ன ஆகிறது?

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. எஞ்சின் நின்று, டேங்கில் காற்று இறங்கிவிட்டால், ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. பிரேக்கை விடுவிக்காமல் இழுத்தால் பின் சக்கரம் சுற்றாது. டயர் தேய்ந்துகொண்டே போகும். பிரேக் டிரம் சூடேறும்.

இரண்டாவது, கியர் பாக்ஸ். எஞ்சின் ஓடும்போதுதான் உள்ளேயிருக்கும் எண்ணெய் எல்லாப் பல்லுக்கும் போய்ச் சேருகிறது. முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரம் தரையில் உருள இழுத்தால், எஞ்சின் நின்றிருக்க, கியர் பாக்ஸின் ஒரு பகுதி மட்டும் எண்ணெய் இல்லாமல் சுற்றும். தூரம் அதிகமானால் கெட்டுவிடும். இதனால்தான் தெரிந்த மெக்கானிக்குகள் இழுப்பதற்கு முன் புரொப்பல்லர் ஷாப்ட்டையோ ஆக்சில் ஷாப்ட்டையோ கழற்றிவிடுகிறார்கள். மூன்றாவது, லோடு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினால் பாரம் முழுவதும் பின்னால் சாய்கிறது. கட்டுச் சரியில்லாத மூட்டை சரியும், தார்ப்பாய் கிழியும்.

எனவே இழுத்துப் போவது தவிர்க்க முடியாதது என்று தெரிந்தால், சண்டை போடாமல் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். ஒன்று, டிரைவர் வரும் வரை பத்து நிமிடம். இரண்டு, அதுவும் இல்லையென்றால் பிரேக்கை விடுவித்து, ஷாப்ட் கழற்றி இழுக்கச் சொல்வது. பணிவாகக் கேட்டால் பல நேரம் நடக்கிறது.

கிளீனரை ஓட்டச் சொல்லாதீர்கள்

கிரேன் வருகிறது என்றதும் அவசரத்தில் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. டிரைவர் இல்லாத நேரத்தில் கிளீனரையோ, கடைப் பையனையோ, லோடுமேனையோ "கொஞ்சம் முன்னால் தள்ளிப் போடப்பா" என்பார்கள். உரிமம் இல்லாதவர் ஓட்டினால் அவருக்கு 5,000 ரூபாய் அபராதம். ஓட்ட விட்ட பொறுப்பாளருக்கும் தனியாக 5,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ உண்டு. அதைவிடப் பெரிது, அந்த நாலு அடி நகர்த்தலில் யாராவது அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். தெருவில் நடப்பவர்கள் நம் வாடிக்கையாளர்கள், அவர்களுடைய குழந்தைகள். 500 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து ஓர் உயிரைப் பணயம் வைக்கக்கூடாது.

ஊருக்கு வெளியே காத்திருக்கும் லாரி

பகல் தடை காரணமாகப் பல லாரிகள் ஊருக்கு வெளியே, நான்கு வழிச் சாலை ஓரத்தில் இரவு வரை காத்து நிற்கின்றன. இதுதான் மிகவும் ஆபத்தானது. வேகமாக வரும் காரும் மோட்டார் சைக்கிளும் நின்ற லாரியின் பின்னால் மோதி உயிர்கள் போகும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். இருட்டில், அழுக்குப் படிந்த பின்பலகையும் எரியாத விளக்குமாக நிற்கும் லாரி, அருகில் வரும் வரை கண்ணுக்குத் தெரியாது.

பொது வழியில் ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்குவதற்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 200 ரூபாயாகத்தான் இருந்தது. அஜாக்கிரதையால் உயிர் போனால் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் 2 ஆண்டு வரை.

"காலையில் வராதே, ராத்திரி பத்து மணிக்கு மேல் வா" என்று நாம் சொல்லும்போது, அதுவரை அந்த வண்டி எங்கே நிற்கும் என்பதையும் நாமே சொல்ல வேண்டும். பெட்ரோல் பங்க் வளாகம், லாரி ஷெட், எடை மேடை வளாகம், நம் கிட்டங்கியின் காலி இடம் என்று ஏதாவது ஓர் இடம் காட்ட வேண்டும். சாலையில் பழுதாகி நின்றால் நான்கு விளக்கும் மின்ன வேண்டும். சிவப்பு முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். கல்லை அடுக்கி வைக்கும் பழக்கம் நம் டிரைவர்களிடம் இருக்கிறது. வண்டி கிளம்பும்போது அந்தக் கல்லை எடுப்பதில்லை. அந்தக் கல்லில் ஏறி இரு சக்கர வண்டிக்காரர்கள் விழுகிறார்கள். கல் வைத்தவர் அதை எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம்.

இ-வே பில் நாளைப் பாருங்கள்

லாரி பிடிபட்டு நிற்கும்போது நாம் மறந்துவிடும் இன்னொரு விஷயம் இ-வே பில். 2021 ஜனவரி 1 முதல் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடி நாள் கணக்கிடப்படுகிறது. 1,000 கிலோமீட்டர் என்று பில்லில் இருந்தால் 5 நாள். வழியில் ஒரு நாள் தாமதம், ஊரில் வந்து இரண்டு நாள் பிடிபட்டு நின்றது என்றால் நாள் கடந்துவிடும். நாள் முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரை, காரணம் சொல்லி நீட்டிக்கலாம். அதைத் தவறவிட்டால் சரக்கு வரித்துறையிடம் மாட்டிக்கொள்ளும். அங்கே அபராதம் 500 ரூபாயில் நிற்காது. வரியைப் போல இரண்டு மடங்கு வரை போகும்.

மீதிச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், பில்லின் இரண்டாம் பகுதியில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும். ஒரே பில் சரக்கு இரண்டு மூன்று சின்ன வண்டிகளில் போனால் அதற்கும் தனி வசதி அந்த இணையதளத்தில் இருக்கிறது. லாரி ஆபீசிலிருந்து நம் கடைக்கு மாநிலத்துக்குள் 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட கடைசிப் பயணத்துக்கு வண்டி எண் மாற்றத் தேவையில்லை என்று விதி சலுகை தருகிறது. ஆனால் நடுத்தெருவில் பிடிபட்ட லாரி, லாரி ஆபீஸ் அல்ல. உங்கள் கணக்கரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

செலவு யாருடையது?

சட்டப்படி இழுவைச் செலவு வண்டி உரிமையாளருடையது. ஆனால் நியாயம் வேறு விதமாகவும் இருக்கலாம். இதைத் தகராறு வந்த பிறகு பேசக்கூடாது. வாடகை பேசும்போதே பேசி, எல்.ஆர். சீட்டிலோ ஒப்பந்தத் துண்டிலோ எழுதிக்கொள்ள வேண்டும். நான் சொல்லும் முறை இது.

குடோன் டெலிவரி என்று புக் செய்திருந்தால், லாரி ஆபீசின் கிட்டங்கியில் சரக்கு இறங்கும் வரை பொறுப்பு அவர்களுடையது. டோர் டெலிவரி அல்லது முழு லோடு என்றால், இடத்தையும் நேரத்தையும் சொல்பவர் நாம். நாம் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு வந்து நின்ற வண்டிக்கு வரும் அபராதத்தை நாம்தான் ஏற்க வேண்டும். டிரைவர் தன் விருப்பப்படி வேறு இடத்தில் நிறுத்தினாலோ, சொன்ன நேரத்துக்கு முன்போ பின்போ வந்தாலோ, அது வண்டிக்காரர் கணக்கு. இறக்கத் தாமதமானால் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு ஹால்டிங், எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். எந்த நிலையிலும் டிரைவர் பேட்டாவில் கை வைக்க வேண்டாம்.

சரக்கு சேதமானால் வழி வேறு. 2007-ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காமல் லாரி ஆபீஸ் மேல் வழக்குப் போட முடியாது. வாய்ப்பேச்சில் நாளைக் கடத்திவிடாதீர்கள்.

தூக்கிவிட்டால் உடனே செய்ய வேண்டியவை

1. இழுப்பதற்கு முன் வண்டியின் நான்கு பக்கமும், மூட்டை அடுக்கும், தார்ப்பாய்க் கட்டும் தெரியும்படி செல்போனில் படம் எடுங்கள்.

2. உத்தரவிட்ட அலுவலர் எந்த நிலையத்தைச் சேர்ந்தவர், நேரம் என்ன, வண்டி எங்கே போகிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பாதி இறக்கிய லோடு என்றால், இறங்கியது எத்தனை, இருப்பது எத்தனை என்று டிரைவரும் நம் ஆளும் எண்ணி ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள். பிறகு வரும் குறைவுத் தகராறில் பாதி இதனாலேயே தீர்ந்துவிடும்.

4. வண்டியோடு ஓர் ஆளை அனுப்புங்கள். சரக்கு இருக்கும் வண்டியைத் தனியாக விடக்கூடாது.

5. அபராதத்துக்கு ரசீது, கிரேன் செலவுக்குத் தனி ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத பணம் கணக்கிலும் வராது, கேட்கவும் முடியாது.

6. வண்டியை எடுக்கும்போது மறுபடியும் படம் எடுத்து, சேதம் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள்.

வராமல் தடுக்க

மேலே சொன்னவை எல்லாம் வந்த பின் செய்வது. வராமல் தடுக்க நாலைந்து பழக்கம் போதும். லோடு கிளம்பிய அன்றே டிரைவர் எண்ணை வாங்கி, தடை நேரத்தையும் நிற்க வேண்டிய இடத்தையும் அவருக்கு நேரடியாகச் சொல்லுங்கள். வெளிமாநில டிரைவருக்கு நம் ஊர்த் தமிழ்ப் பலகை படிக்கத் தெரியாது. இந்தி, தெலுங்கு தெரிந்த ஒருவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். இறக்குபவர்களுக்கு முதல் நாள் மாலையே நேரம் சொல்லி உறுதி செய்யுங்கள். ஆள் வராமல் வண்டியை உள்ளே அழைக்காதீர்கள். டிரைவர் குளிக்கவும் படுக்கவும் கடையிலோ கிட்டங்கியிலோ ஓர் இடம் கொடுங்கள். அவர் அருகிலேயே இருந்தால் வண்டியும் பத்திரம். பெரிய வண்டியை ஊருக்கு வெளியே கிட்டங்கியில் இறக்கி, கடைக்குத் தேவையான அளவை மட்டும் குட்டியானையில் கொண்டுவரும் முறையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கூலி கூடும். ஆனால் வாசலில் டாரஸ் நிற்கும் கவலை போகும்.

சில்லறைக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சப்ளை வண்டிகள் பத்து மணிக்கும் பதினோரு மணிக்கும் ஒரே நேரத்தில் வந்து மோதாமல், ஒவ்வொருவரும் ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் தெரு மூச்சுவிடும்.

சங்கம் செய்ய வேண்டியது

தனி ஒரு வியாபாரி காவல்துறையிடம் போய் "என் லாரியை விடுங்கள்" என்றால் அது சலுகை கேட்பது. சங்கம் போய் "117-ஆம் பிரிவின்படி எங்கள் தெருவில் சரக்கு இறக்க இடமும் நேரமும் குறித்துக் கொடுங்கள்" என்றால் அது சட்டப்படியான கோரிக்கை. மஞ்சள் கோடு போட்டு, இரண்டு லாரி நிற்கும் இடத்தை விடியற்காலம் குறிப்பிட்ட மணிகளுக்குச் சரக்கு இறக்க மட்டும் ஒதுக்கினால் தெருவே மாறிவிடும்.

ஆனால் கேட்பதற்கு முன் நம் வீட்டைச் சரி செய்ய வேண்டும். அந்த இடத்தில் நம் சொந்தக் காரையும் ஸ்கூட்டரையும் நிறுத்தக்கூடாது. கடைச் சரக்கை நடைபாதையில் அடுக்கக்கூடாது. வாசலில் கல்லும் பழைய டின்னும் வைத்து இடம் பிடிக்கக்கூடாது. நடைபாதையை நாம் விட்டுக் கொடுத்தால்தான் தெருவில் நமக்கு இடம் கேட்கும் உரிமை வரும்.

ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். நாளை யாருக்கு லோடு வருகிறது, எத்தனை மணிக்கு, என்ன வண்டி என்று முதல் நாள் மாலை எழுதிவிடுவோம். இரண்டு பேருக்கு ஒரே நேரம் வந்தால் பேசி மாற்றிக்கொள்வோம். மூன்று மாதம் அப்படி எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தால், எத்தனை வண்டி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற கணக்கு நம் கையில் இருக்கும். கணக்கோடு போகும் வியாபாரியின் பேச்சுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பு உண்டு. அடுத்த மாதக் கூட்டத்தில் தெருவுக்கு ஒருவரை இந்த நோட்டுக்குப் பொறுப்பாக நியமிக்க வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.